ஹைட்ரோவும் அக்வாவும்: ஒரே தண்ணீருக்கு ஏன் இரண்டு பெயர்?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் நான்காம் படிவம் படிக்கிறாள். தண்ணீர் தொடர்பான லத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து வந்த அறுபது ஆங்கிலச் சொற்களை டியூஷனில் ஒரே தாளில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்களாம். இரண்டு நாள் நினைவில் இருக்கிறது, ஒரு வாரத்தில் போய்விடுகிறது. "அக்வா என்றாலும் தண்ணீர், ஹைட்ரோ என்றாலும் தண்ணீர் என்றால் எதற்கு இரண்டு? எங்கே எது வரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேர்ச்சொல் படிப்பதால் உண்மையிலேயே பயன் உண்டா?" இதுதான் கேள்வி.

பயன் உண்டு, நிறையவே உண்டு. பினாங்கில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வேர் தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னாலே தெரிந்துவிடும். ஆனால் அறுபது சொல்லையும் ஒரே தாளில் அடுக்கிக் கொடுத்தால் யாருக்கும் நிற்காது. உங்கள் மகளின் நினைவாற்றலில் எந்தக் குறையும் இல்லை. ஒரு சொல் ஏன் அப்படி ஆனது என்று தெரியாமல் அதைப் பிடித்து வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

முதலில் இரண்டு பெயர் ஏன் என்பதைப் பார்ப்போம். தைப்பூசத்துக்கு நாமெல்லாம் தண்ணீர்மலை போகிறோம். அங்கே இருப்பது ஒரே ஓர் அருவி. தமிழர்கள் மலையைப் பார்த்துத் தண்ணீர்மலை என்றார்கள். மலாய்க்காரர்கள் அருவியை ஆயர் தெர்ஜுன் என்கிறார்கள், குதிக்கிற தண்ணீர். ஆங்கிலேயர்கள் அந்தச் சாலைக்கு வாட்டர்ஃபால் ரோடு என்று பெயர் வைத்தார்கள், விழுகிற தண்ணீர். தண்ணீர் ஒன்றுதான், பார்த்த கண்கள் வேறு. அக்வாவும் ஹைட்ரோவும் அப்படித்தான். அக்வா லத்தீன், ரோமானியர்களின் சொல். ஹைட்ரோ என்பது ஹைடோர் என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. லத்தீன் சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சு வழியாகவும் தேவாலயம், சட்டம், கல்வி வழியாகவும் ஆங்கிலத்துக்குள் வந்தன. கிரேக்கச் சொற்களை மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் தங்களுக்குப் புதுப்பெயர் தேவைப்பட்டபோதெல்லாம் எடுத்துக் கோத்துக்கொண்டார்கள். அதனால்தான் கண்ணால் பார்க்கிற, வாழ்கிற, தேக்கி வைக்கிற தண்ணீருக்கு அக்வா அதிகம் வருகிறது. தண்ணீரின் விசை, வேதியியல், நோய் என்று பேசும்போது ஹைட்ரோ அதிகம் வருகிறது. மீன் தொட்டி அக்வேரியம். நீரில் வாழும் உயிர் அக்வாட்டிக். மீன் வளர்ப்பு அக்வாகல்ச்சர். ஆனால் மண்ணில்லாமல் சத்துநீரில் கீரை வளர்ப்பது ஹைட்ரோபானிக்ஸ், நீர்மின்சாரம் ஹைட்ரோஎலெக்ட்ரிக், உடலில் நீர் வற்றினால் டிஹைட்ரேஷன். இது சட்டம் இல்லை, ஒரு போக்கு. பத்துக்கு எட்டுத் தடவை சரியாக வரும்.

அந்தப் போக்கு அவளுக்கு மனதில் நிற்க வேண்டுமென்றால் இரண்டே இரண்டு சொற்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் போதும்.

ஒன்று அக்வடக்ட். அக்வா என்றால் தண்ணீர், டக்ட் என்பது கூட்டிக்கொண்டு போவது. தண்ணீரைக் கைப்பிடித்துக் கூட்டி வருகிற வழி. ரோம் நகரத்துக்கு இப்படிக் கட்டிய முதல் கால்வாய் கி.மு. 312-ல் வந்தது, அதன் பெயர் அக்வா அப்பியா. தெற்குப் பிரான்ஸில் நீம் நகரத்துக்கு ரோமானியர் அமைத்த கால்வாயின் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் சேர்த்து மொத்தச் சரிவு 20 மீட்டர்கூட இல்லை. பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. அந்தச் சின்னச் சரிவிலேயே தண்ணீர் தானாக நடந்து ஊருக்குள் வந்தது. வழியில் ஓர் ஆற்றைத் தாண்ட வேண்டியிருந்ததால் 49 மீட்டர் உயரத்துக்கு மூன்றடுக்கு வளைவுகள் கட்டினார்கள். பான் து கார் என்ற அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. அதன் படத்தை உங்கள் மகளுக்கு ஒரு தடவை காட்டுங்கள். டக்ட் என்பது கண்டக்ட் என்ற சொல்லிலும் இருக்கிறது என்று அப்புறம் சொல்லுங்கள். பஸ் கண்டக்டரும் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறவர்தான்.

இன்னொன்று ஹைட்ராலிக். லாரியின் தொட்டியைத் தூக்குவது, பட்டறையில் காரைத் தூக்குவது எல்லாம் ஹைட்ராலிக் என்பதால் இது இரும்பும் எண்ணெயும் கலந்த சொல் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இந்தச் சொல் பிறந்தது இசையில். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் க்டெசிபியஸ் என்ற பொறியாளர், தண்ணீரின் அழுத்தத்தால் காற்றைக் குழல்களுக்குள் சீராகச் செலுத்தி ஒலிக்கச் செய்யும் ஒரு வாத்தியத்தைச் செய்தார். ஹைடோர் தண்ணீர், ஆவ்லோஸ் குழல். இரண்டும் சேர்ந்து ஹைட்ராவ்லிஸ், நீர்க்குழல். தமிழிலும் குழல் ஊதுகிறோம், குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். ஊதுகிற குழலும் தண்ணீர் வருகிற குழாயும் நமக்கும் ஒரே வேர்தான் என்று நான் வகுப்பில் சொல்லும்போது சில பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு ஹைட்ராலிக் மறப்பதில்லை.

கிரேக்கர்கள் தண்ணீரை வைத்து நேரமும் பார்த்தார்கள். ஒரு பாத்திரத்தின் அடியில் சிறு துளை, தண்ணீர் வடிய வடிய நேரம் கணக்கு. ஏதென்ஸ் நீதிமன்றங்களில் ஒருவர் எவ்வளவு நேரம் பேசலாம் என்பதை இப்படித்தான் அளந்தார்கள். அதன் பெயர் க்ளெப்சிட்ரா, தண்ணீர் திருடி என்று பொருள். சத்தமில்லாமல் தண்ணீரைக் கொண்டுபோய்விடுகிறது இல்லையா. க்ளெப் என்பது திருட்டு. கடையில் பொருளை எடுத்துவிடும் மனநோய்க்கு க்ளெப்டோமேனியா என்று பெயர் இருப்பதும் இதனால்தான். நம் சங்கப் பாட்டில் இதே கருவியைக் குறுநீர்க் கன்னல் என்கிறார்கள்.

நோய்ப் பெயர்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹைட்ரோஃபோபியா என்றால் நீரைக் கண்டு அஞ்சுதல். வெறிநாய்க்கடி முற்றியவர்களுக்குத் தண்ணீரை விழுங்க முயன்றாலே தொண்டை இறுகிவிடும் என்பதால் அந்த நோய்க்கே இது பெயராகிவிட்டது. அப்படியானால் நீச்சல் குளத்தைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைக்கு என்ன சொல்வது? அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டதே. அதனால் லத்தீனையும் கிரேக்கத்தையும் ஒட்டவைத்து அக்வாஃபோபியா என்று ஒன்றைச் செய்தார்கள். தேர்வில் இந்த இரண்டையும் மாற்றி எழுதுகிறவர்கள் உண்டு. ஹைக்ரோமீட்டரையும் ஹைட்ரோமீட்டரையும் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. ஹைக்ரோ என்றால் ஈரம், காற்றின் ஈரப்பதத்தை அளப்பது. ஹைட்ரோமீட்டர் திரவத்தின் அடர்த்தியை அளப்பது.

இனி ஒரு முக்கியமான பொறி. சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவி, நன்றாகப் படிக்கிற பிள்ளை, ஹைட்ரோகார்பன் என்றால் தண்ணீர் கலந்த கார்பன் என்று எழுதியிருந்தாள். தாளின் ஓரத்தில் ஒரு துளி தண்ணீர்கூட வரைந்திருந்தாள். அவள் பட்டியலை ஒழுங்காகப் படித்ததால்தான் அந்தத் தப்பு வந்தது, அதனால் எனக்கு மனம் கஷ்டமாகிவிட்டது. பெட்ரோலில் ஏது தண்ணீர்? இங்கே ஹைட்ரோ என்பது ஹைட்ரஜனின் சுருக்கம். 1766-ல் காவென்டிஷ் தீப்பற்றும் ஒரு வாயுவைப் பிரித்து ஆராய்ந்தார். அது எரியும்போது தண்ணீர் உண்டாகிறது என்று பிறகு தெரியவந்தது. 1787-ல் லவாய்சியேவும் அவர் நண்பர்களும் வேதியியல் பெயர்களை ஒழுங்கு செய்தபோது அதற்குத் தண்ணீரைப் பிறப்பிப்பது என்று பொருள்படும்படி ஹைட்ரஜன் என்று பெயர் வைத்தார்கள். ஆக ஹைட்ரோகார்பன், ஹைட்ரோக்ளோரிக் அமிலம் இரண்டிலும் இருப்பது ஹைட்ரஜன். கார்போஹைட்ரேட்டில் மட்டும் நிஜமாகவே தண்ணீர்க் கணக்கு உண்டு. சர்க்கரை, மாவு இவற்றின் வாய்பாட்டில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தண்ணீரில் இருப்பதுபோல் இரண்டுக்கு ஒன்று என்று வந்ததால் கார்பனும் தண்ணீரும் சேர்ந்தது என்று நினைத்துப் பெயரிட்டார்கள். தட்டில் இருக்கிற சோறு கார்போஹைட்ரேட், மோட்டார் சைக்கிளில் ஊற்றுவது ஹைட்ரோகார்பன். இப்படிச் சொன்னால் குழப்பம் வராது.

இதுவரை சொன்னதெல்லாம் தண்ணீர் வெளியே தெரிகிற சொற்கள். வேர் படிப்பதன் பெரிய பலன், தண்ணீர் ஒளிந்திருக்கிற சொற்களில்தான் இருக்கிறது. உங்கள் மகளுக்குக் கொடுத்த தாளில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே சேர்த்துவிடுங்கள்.

ரைவல் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம், போட்டியாளர். லத்தீனில் ரீவஸ் என்றால் ஓடை, வாய்க்கால். ஒரே வாய்க்காலிலிருந்து தண்ணீர் எடுக்கிற இரண்டு பேர் ரீவாலிஸ். மேலே இருக்கிறவன் மடையைத் திறந்தால் கீழே இருக்கிறவனுக்குத் தண்ணீர் குறையும். அப்புறம் என்ன நடக்கும் என்பதைத் தமிழர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். ராத்திரி மண்வெட்டியோடு மடையில் காவல் கிடந்ததையும், பக்கத்து வயல்காரர் லாந்தரைத் தணித்து வைத்துக்கொண்டு எதிர்க்கரையில் விழித்திருந்ததையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து வயல்காரர் வேறு யாருமில்லை, அவருடைய பெரியப்பா மகன். பங்காளி. பாருங்கள், பங்காளி என்றால் பங்கு உள்ளவன், அவ்வளவுதான். ஆனால் பங்காளிச் சண்டை, பங்காளிப் பகை என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லுக்கே ஒரு முறைப்பு வந்துவிட்டது. லத்தீன்காரனுக்கு வாய்க்காலைப் பகிர்ந்தவன் எதிரியானான், நமக்குச் சொத்தைப் பகிர்ந்தவன். இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்த்து எழுதவில்லை, வயலும் தண்ணீரும் இருக்கிற இடத்தில் மனிதர்கள் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். ரைவல் என்ற சொல்லை நான் பங்காளி என்ற சொல்லோடு சேர்த்துத்தான் எப்போதும் சொல்லிக்கொடுப்பேன்.

அதே வாய்க்காலிலிருந்துதான் டெரைவ் என்ற சொல்லும் வந்தது. பெரிய ஓடையிலிருந்து மடை வெட்டித் தண்ணீரைப் பிரித்து எடுப்பது. கூடுதல் கணிதத்தில் டெரிவேட்டிவ் படிக்கும்போது, ஒரு சார்பிலிருந்து இன்னொன்றைப் பிரித்து எடுக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றினால் நல்லது.

ரிவர் மட்டும் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. பார்த்தால் ரீவஸ் மாதிரியே இருக்கிறது, ஆனால் அது ரீப்பா என்ற வேறு லத்தீன் சொல்லிலிருந்து வருகிறது. ரீப்பா என்றால் கரை. அந்தக் கரையிலிருந்து வந்த இன்னொரு சொல் அரைவ். கரையை அடைவது என்றுதான் முதலில் பொருள். இன்று விமானமும் அரைவ் ஆகிறது, பார்சலும் அரைவ் ஆகிறது. நாமும் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் கரை சேர்த்துவிட்டோம் என்கிறோம், கடனிலிருந்து மீண்டால் கரையேறிவிட்டான் என்கிறோம். உங்கள் மகள் ஃபெரியில் பினாங்குக்கு வருகிறவளாக இருந்தால், ஜெட்டியில் கால் வைக்கிற அந்த நொடியில் அந்தச் சொல்லை நினைத்துக்கொள்ளட்டும். பழைய பொருளில், முழுப் பொருளில் அரைவ் ஆகிறாள்.

துறைமுகத்தில் நிற்கும்போதே இன்னொன்று. போர்ட்டஸ் என்றால் லத்தீனில் துறைமுகம். கப்பலைத் துறைமுகத்தை நோக்கித் தள்ளுகிற காற்றை ஆப்பர்ச்சூனஸ் என்றார்கள். அதிலிருந்து ஆப்பர்ச்சுனிட்டி, வாய்ப்பு. பாய்மரக் கப்பலில் வந்தவனுக்குத் துறைமுகம் கண்ணில் தெரிந்தால் மட்டும் போதாது, காற்று அந்தப் பக்கம் வீச வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து கடாரத்துக்கு, அதாவது இன்றைய கெடாவுக்கு வந்த நம் ஆட்களும் பருவக்காற்றுக்காகக் காத்திருந்து வந்து, காற்று திரும்பும்வரை காத்திருந்து போனவர்கள்தான். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று தமிழில் இருக்கிறது. அது களத்தில் நெல் தூற்றுகிறவனின் காற்று. ஆப்பர்ச்சுனிட்டி கப்பல்காரனின் காற்று.

அடுத்து ஃப்ளு. லத்தீனில் ஃப்ளுவெரே என்றால் ஓடுதல். இதில் வந்த சொற்கள் ஏராளம், எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. கோலாலம்பூருக்குப் போகும்போது மஸ்ஜித் ஜாமெக் பக்கம் நின்று பாருங்கள். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் அங்கே ஒன்று சேர்கின்றன. ஊரின் பெயரே அதுதான். மலாயில் குவாலா என்றால் ஆறு சேருமிடம், லும்பூர் என்றால் சேறு. ஆங்கிலத்தில் இப்படி ஆறுகள் கூடுவது கான்ஃப்ளுவன்ஸ், கான் என்றால் சேர்ந்து. தமிழில் கூடல், கூடுதுறை. ஃப்ளுவன்ட் என்றால் தடையில்லாமல் ஓடுகிற பேச்சு. நம் இலக்கணக்காரர்கள் ஆற்றொழுக்கு என்று ஒன்றைச் சொன்னார்கள், ஆறு ஒழுகுவதுபோலச் செல்லும் நடை. வீட்டுப் பேச்சில், அவருக்கு ஆங்கிலம் தண்ணி பட்ட பாடு என்கிறோம். பிள்ளைகள் ஃப்ளுவன்ட் என்ற சொல்லை ஆங்கிலத்துக்கு மட்டும் சொந்தமான ஒரு தகுதிச் சான்றிதழ் மாதிரி நினைத்துப் பயப்படுகிறார்கள். ஓடுகிற தண்ணீர் என்று தெரிந்தால் அந்தப் பயம் கொஞ்சம் குறையும் என்பது என் அனுபவம். இன்ஃப்ளுவன்ஸ் என்பது உள்ளே ஓடி வருவது. நட்சத்திரங்களிலிருந்து ஏதோ ஒன்று மனிதர்களுக்குள் பாய்கிறது என்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நம்பினார்கள். பரவுகிற காய்ச்சலுக்கும் அதுவே காரணம் என்று இத்தாலியர்கள் இன்ஃப்ளூயன்ஸா என்று பெயர் வைத்தார்கள். கிளினிக்கில் நாம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது அந்தச் சொல்லின் நடுத் துண்டைத்தான்.

அலைக்கும் ஒரு வேர் இருக்கிறது, உண்டா. 2017 நவம்பரில் பினாங்கில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி மூழ்குவது இனண்டேட். அபண்டன்ட் என்றால் நிறைய, கரைபுரண்டு வழிகிறது. ரிடண்டன்ட் என்றால் வழிந்ததும் போதாமல் திரும்பி அலையடிப்பது, தேவைக்கு மேல். வேலை இழந்தவர்களையும் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். சரவுண்ட் என்ற சொல்லைப் பார்த்தால் வட்டம் என்று பொருள்படும் ரவுண்ட் உள்ளே இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அது மேலே வழிந்து மூடுவது என்ற பொருளில் உண்டாவிலிருந்து வந்தது. ரவுண்ட் என்ற சொல்லின் சாயல் பட்டுப் பட்டுத்தான் சுற்றி வளைத்தல் என்று பொருள் மாறியது.

மண்ணைப் பற்றி ஒரே ஒரு சொல். அலூவியல் என்றால் தண்ணீர் கழுவிக் கொண்டுவந்து சேர்த்தது, நம் வண்டல். கிந்தா பள்ளத்தாக்கிலும் கோலாலம்பூர் வட்டாரத்திலும் ஈயம் கிடைத்தது இப்படிப் படிந்த மண்ணில்தான். வரலாற்றுப் பாடத்தில் ஈயச் சுரங்கம் வரும்போது இந்தச் சொல்லும் வரும்.

கடலுக்கு வருவோம். லத்தீனில் மாரே என்றால் கடல். மரீன், சப்மரீன், சென்னையில் மெரினா எல்லாம் அது. இறைச்சியை ஊறவைக்கிற மாரினேட்டும் அதுதான், முதலில் கடல்நீர் போன்ற உப்புநீரில் ஊறவைத்ததால். கிரேக்கத்தில் கடலுக்குத் தலாசா என்று ஒரு சொல் இருக்கிறது. உங்கள் மகள் நான்காம் படிவம் என்பதால் பள்ளியில் தலசீமியா ரத்தப் பரிசோதனை பற்றிக் கேள்விப்பட்டிருப்பாள். தலாசா கடல், ஹைமா ரத்தம். மத்தியதரைக் கடலைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களில் முதலில் கண்டறியப்பட்டதால் 1932-ல் இந்தப் பெயர் வந்தது. நோய் அந்தக் கடலோரத்துக்கு மட்டும் உரியது இல்லை, நம் நாட்டிலும் பரவலாக இருக்கிறது. பெயர் மட்டும் அந்தக் கடலிலேயே தங்கிவிட்டது.

நாசியா என்றால் குமட்டல். கிரேக்கத்தில் நவுஸ் என்றால் கப்பல். கப்பலில் போகிறவனுக்கு வருகிற குமட்டல்தான் முதலில் நாசியா. என் பாட்டி ரஜூலா கப்பலில் வந்தவர். ஏறியதும் படுத்தவர், பினாங்கு தெரிகிறது என்று யாரோ கத்தியபோதுதான் எழுந்தாராம். நடுவில் சாப்பிட்டது எலுமிச்சங்காய் ஊறுகாயும் கொஞ்சம் கஞ்சியும் மட்டும். கிரேக்கம் தெரியாமலே நாசியா என்ற சொல்லின் சரியான பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது. அஸ்ட்ரோநாட் என்ற சொல்லின் கடைசியிலும் அந்தக் கப்பல்காரன் இருக்கிறான், நட்சத்திரங்களுக்கிடையே போகிற மாலுமி.

பாக்குத் தீவில், அதாவது பினாங்கில் இருந்துகொண்டு தீவைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. இன்சுலா என்றால் லத்தீனில் தீவு. பெனின்சுலா என்றால் ஏறக்குறைய தீவு. மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் மட்டும் நிலம் ஒட்டியிருக்கிறது. நீங்கள் இருக்கும் கரை அது. இன்சுலேட் என்றால் தீவுபோலத் தனியாக்குவது, மின்கம்பியைச் சுற்றி ரப்பர் போடுகிறோமே, அது. அப்புறம், நம் வீடுகளில் யாராவது ஒருவர் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிற இன்சுலின். 1869-ல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானியர் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது அங்கங்கே தனித்தனிக் கூட்டமாகச் செல்கள் இருப்பதைக் கண்டார். கடலில் தீவுகள் சிதறிக் கிடப்பதுபோல இருந்ததால் பிறகு அவற்றுக்குச் சிறுதீவுகள் என்றே பெயர் வந்தது. அந்தத் தீவுகளில் சுரக்கிற நீர் இன்சுலின். 1921-ல் டொராண்டோவில் அதைப் பிரித்தெடுத்தார்கள். என் அம்மா பல வருடம் அந்த ஊசி போட்டுக்கொண்டார். பெயரின் கதையை ஒரு நாள் சொன்னபோது, "அப்போ பினாங்கும் ஓர் இன்சுலின்தான்" என்றார்.

இப்போது எச்சரிக்கை. வேர் பழகிய பிள்ளைகளுக்குப் பார்க்கிற இடமெல்லாம் வேர் தெரிய ஆரம்பிக்கும். அக்விலைன் மூக்கு என்றால் தண்ணீர் ஒழுகும் மூக்கு இல்லை, கழுகு மூக்கு. லத்தீனில் அக்விலா என்றால் கழுகு. அக்வயர் என்ற சொல்லிலும் தண்ணீர் இல்லை, அது தேடுவது என்ற வேர். அக்விஃபர் என்றால் நிலத்தடியில் தண்ணீரைச் சுமந்திருக்கும் பாறையடுக்கு, அதிலுள்ள ஃபெர் சுமப்பது. அதை வைத்துக்கொண்டு ஃபெரியும் சுமப்பதுதானே என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் ஃபெரி ஆங்கிலத்தின் சொந்தச் சொல், போவது என்ற வேறு வேர். ஃப்ளோ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் லத்தீன் ஃப்ளுவெரேக்கும் பொருளும் ஒலியும் அவ்வளவு ஒத்துப்போகின்றன, ஆனாலும் உறவில்லை. ஐலண்ட் இன்னும் வேடிக்கை. அதிலுள்ள எஸ் எழுத்தை இன்சுலாவின் வழிவந்த ஐல் என்ற சொல்லைப் பார்த்துத் தப்பாகச் சேர்த்துவிட்டார்கள், அதனால்தான் அதை உச்சரிப்பதில்லை. பழைய ஆங்கிலத்தில் நீர் சூழ்ந்த நிலம் என்ற பொருளில் இருந்த சொல் அது, அந்த முதல் துண்டு லத்தீன் அக்வாவின் தூரத்துச் சொந்தம்.

உறவு என்று சொன்னதால் இதையும் சொல்கிறேன். கிரேக்க ஹைடோர், ஆங்கில வாட்டர், லத்தீன் உண்டா, சமஸ்கிருத உதகம் நான்கும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். சடங்குகளில் நாம் சொல்கிற உதகம் வழியாக ஹைட்ரஜனுக்கு ஓர் உறவு நம் பூஜையறை வரை வந்திருக்கிறது. நம் நீர் அந்தக் குடும்பம் இல்லை. அது திராவிடக் குடும்பத்துச் சொல், தெலுங்கிலும் கன்னடத்திலும் அதற்கு உடன்பிறப்புகள் இருக்கிறார்கள். இணையத்தில் ஒலி ஒப்புமையை மட்டும் வைத்து எல்லா மொழிக்கும் தாய் கண்டுபிடிக்கிறார்கள், பிள்ளைகள் அதை நம்பிக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள். தமிழின் பெருமைக்கு அந்தப் பொய் தேவையே இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அந்த அறுபது சொல் தாளை மடித்து வையுங்கள். ஒரு நோட்டில் நாளைக்கு ஒரு வேர், அதற்கு மூன்று சொல் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அகராதிப் பொருளை எழுதாமல், அது தனக்குத் தெரிந்த எந்த இடத்தில், எந்தப் பொருளில் இருக்கிறது என்று அவளே தமிழில் ஒரு வரி எழுதட்டும். அலூவியலுக்கு வண்டல் மண், அரைவுக்கு ஜெட்டி, ரைவலுக்கு உங்கள் குடும்பத்துப் பங்காளிக் கதை. தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் கேட்கச் சொல்லுங்கள், தண்ணீர் பற்றி அவர்களுக்குத் தெரிந்த சொற்கள் நமக்குத் தெரிந்ததைவிட அதிகம். ஊற்றுக்கண் என்று அவர்கள் சொல்வார்கள், மலாயிலும் ஊற்றுக்கு மாத்தா ஆயர், தண்ணீரின் கண். மூன்று மொழி பேசுகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை நம் பள்ளிகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒரு மாதம் இப்படிச் செய்தால் தொண்ணூறு சொல் ஆகிவிடும், தேர்வில் தெரியாத சொல் வந்தாலும் உடைத்துப் பார்க்கும் பழக்கம் வந்திருக்கும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொல்லை அவளே எழுதட்டும். ஆங்கில அகராதிகளில் மல்லிகடானி என்று ஒரு சூப் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் மதராஸில் குடித்துப் பழகி ஊருக்குக் கொண்டுபோன மிளகுத்தண்ணி. லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை. அதன் பின்பாதியில் இருப்பது நம் வீட்டுத் தண்ணி.